ராக்ஃபெல்லரின் பணமும் கரிசலின் மழையும்

1964-ஆம் ஆண்டு சி.எஸ்.எச்.-1 என்ற வீரிய ஒட்டுச் சோளம் இந்திய உழவர்களுக்கென வெளியிடப்பட்டது. நாட்டில் வெளியான முதல் ஒட்டுச் சோளம் அதுதான். தட்டை குட்டை, கதிர் பெரிது, வயது குறைவு. அதன் தாய் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு காஃபிர் சோளம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து அந்த ஆராய்ச்சிக்குப் பணமும் ஆளும் விதை மூலங்களும் கொடுத்தது நியூயார்க்கிலிருந்து இயங்கும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. ஜான் டி. ராக்ஃபெல்லர் மண்ணெண்ணெய் விற்றுச் சேர்த்த செல்வம், அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்துச் சோள விதையாகி இந்தியாவின் புஞ்சைக்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் என்று நீளும் கரிசல் பூமிக்கு இப்படிப்பட்ட பெரும் அறக்கட்டளைகள் எதைக் கொண்டுவந்தன, எதை விட்டுவிட்டுப் போயின என்று கேட்க வேண்டிய நேரம் இது. செல்வந்தர்களின் பெயரில் நடக்கும் உலகளாவிய அறக்கட்டளைகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகத் தொகையைப் பேசுகிறோம், கொடையாளியின் மனத்தைப் பேசுகிறோம். மானாவாரி நிலத்திலிருந்து பார்த்தால் மூன்றாவதாக ஒன்று முன்னே வந்து நிற்கிறது. அது காலம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை நடுவாகக் கொண்ட வடகிழக்குப் பருவத்தில் விழுந்து தீர்ந்துவிடும். கரிசல் மண் காய்ந்தால் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும். மழை பிடித்த பிறகு உழவும் முடியாது, விதைக்கவும் முடியாது. அதனால்தான் புரட்டாசியிலேயே, மழை வரும் என்ற ஒரே நம்பிக்கையில், காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுகிறார்கள். மழை சரியாக வந்தால் உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் மிளகாயும் மல்லியும் பருத்தியும் எழும். தூறலாக வந்து ஏமாற்றினால் முளைத்ததும் கருகும். மறுபடி விதை வாங்க வேண்டும். ஒரு நல்ல ஆண்டுக்குப் பின்னால் இரண்டு மோசமான ஆண்டுகள் தொடர்ந்து வரலாம். அதைச் சம்சாரிகள், அதாவது இந்த மண்ணின் உழவர்கள், கணக்கில் வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். தீப்பெட்டித் தொழில் இங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஒரு காரணம், வறண்ட வானம் தொழிற்சாலைக்குத் தொல்லை தராது என்பது. இன்னொரு காரணம், காட்டில் வேலையில்லாத மாதங்களில் கூலிக்கு ஆள் கிடைத்தது.

அடுத்து, பணம் வந்த வழி. ராக்ஃபெல்லர் 1870-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி அவர் கைக்குப் போனது. 1911-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை உடைக்க உத்தரவிட்டது. 1913-இல் நியூயார்க் மாநிலச் சட்டப்படி அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுவதும் உள்ள மனிதரின் நல்வாழ்வு என்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டே கொலராடோவின் லட்லோவில், ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு இருந்த சுரங்க நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள். ஒரு கையில் இந்தச் சுரங்கம், மறு கையில் மனித நல்வாழ்வு; இதைப் பொறுத்துக்கொள்ளலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையமே விசாரித்தது. கேள்வி இன்றைக்கும் செல்லும். ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால், அந்தப் பணம் பிறகு என்ன செய்தது என்பதைப் பார்க்காமல் போய்விடுவோம்.

பணம் எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதில் கொடையாளிகள் ஒருமித்த கருத்துக்கு வந்ததே இல்லை. ராக்ஃபெல்லரின் அறக்கட்டளை முடிவில்லாமல் தொடரும்படி அமைக்கப்பட்டது. அதே காலத்தில் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட், தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் தன் நிதி முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்று விதித்தார். அவர் 1932-இல் இறந்தார். நிதி 1948-இலேயே தீர்ந்து மூடப்பட்டது. அதற்குள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழுந்திருந்தன. நம் காலத்தில் பில் கேட்ஸ், தன் அறக்கட்டளை 2045 இறுதியில் மூடப்படும் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் துபாஷியும் வணிகருமான பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது பெரும் சொத்தைக் கோயில் தருமங்களுக்கென எழுதி வைத்திருந்தார். வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. தருமங்களுக்குப் போக மிஞ்சிய நிதியைக் கல்விக்குச் செலவிடலாம் என்று சென்னை உச்ச நீதிமன்றம் வழி திறந்த பிறகே 1842-இல் பள்ளி தொடங்கியது. கொடுத்தவர் மறைந்து 48 ஆண்டுகள். அவர் மனத்தில் இருந்தது அபிஷேகமும் அன்னதானமும். நமக்குக் கிடைத்தது பச்சையப்பன் கல்லூரி. கொடையாளியின் எழுத்துக்கும் பின்வந்த காலத்தின் தேவைக்கும் நடுவே யாராவது நின்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வழக்கு நமக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

கரிசலிலேயே வேறொரு மரபும் உண்டு. நாடார் வணிகர்கள் தங்கள் பேட்டைகளில் மகமை என்று ஒன்றை எடுத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் கொடுப்பது. உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கம் கூடிச் செலவைத் தீர்மானிப்பது. 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை அந்தப் பணத்தில் எழுந்தது. காமராசர் படித்த பள்ளி அது. அங்கே ஒரே ஒரு பெரும் பணக்காரர் இல்லை. வருமானம் வியாபாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கியது, நின்றுபோகவில்லை. செலவைத் தீர்மானித்தவர்கள் அதே தெருவில் கடை வைத்திருந்தவர்கள். ஒரு சாதிக்குள் சுருங்கியது என்ற குறை அதற்கு உண்டு, அது பெரிய குறைதான். ஆனாலும் பணம் ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே கணக்குச் சொன்ன முறை என்பதால், உலக அறக்கட்டளைகளை அளக்க இதைவிடத் தகுந்த அளவுகோல் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

இனி வெளியிலிருந்து வந்த பணத்துக்கு வருவோம். அது தமிழ்நாட்டுக்குள் எங்கே போனது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தண்ணீர் இருந்த இடத்துக்குப் போனது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து புதிய கால்வாய்கள் பாய்ந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பரவியது. அதை ஆராய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் பால் ரஸ்ஸல் வந்து 1930-களின் பிற்பகுதியில் அங்கே வேலை செய்தார். நல்ல வேலை, உயிர்களைக் காத்த அறிவு. ஆனால் அதுவும் கால்வாய்க்குப் பின்னால் வந்தது.

ஃபோர்டு அறக்கட்டளையின் கதை இதைவிடத் தெளிவு. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் 1936-இல் 25,000 டாலரில் தொடங்கியது அது. தந்தையும் மகனும் இறந்த பிறகு நிறுவனப் பங்குகள் வந்து சேர, உலகின் மிகப்பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1952-இல் நேருவின் அழைப்பின் பேரில் டெல்லியில் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் அலுவலகம் அதுவே. 1959-இல் அதன் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்தது தீவிர வேளாண் மாவட்டத் திட்டம். விதை, உரம், கடன், பூச்சிமருந்து, பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் குவிப்பது அதன் முறை. முதல் ஏழு மாவட்டங்களில் சென்னை மாநிலத்துக்குக் கிடைத்தது ஒன்று: தஞ்சாவூர். பாசனம் உறுதியாக இருக்கும் இடத்தில் போட்ட பணம் வேகமாக விளைச்சலாகத் திரும்பும் என்பது கணக்கு. பஞ்சம் கதவைத் தட்டிய ஆண்டுகளில் அந்தக் கணக்கைத் தவறென்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கிழக்குக் கரிசலில் போட்ட பணத்துக்கு அப்படி உடனடிப் பலன் காட்ட முடியாது. மழை ஒத்துழைக்காத ஆண்டில் பலனே இராது. ஆனால் நாட்டின் சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் மழையை நம்பியது. அந்த நிலத்தை வரிசையில் கடைசியில் நிறுத்திய முடிவின் விளைவை இந்த வட்டாரம் இரண்டு தலைமுறைகளாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

சோளம்தான் விதிவிலக்கு. 1957-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் இந்திய வேளாண் திட்டம் மக்காச்சோளத்தில் தொடங்கி, பிறகு சோளத்துக்கும் கம்புக்கும் வந்தது. ஏழைகளின் தானியம், மானாவாரிப் பயிர். பெரும்பணம் அதைத் தொட்டதே நல்ல சேதி. சி.எஸ்.எச்.-1 மண்ணில் ஈரமும் உரமும் இருந்த இடங்களில் நாட்டுச் சோளத்தைப் பலமடங்கு விஞ்சியது.

கரிசல் சம்சாரியின் கேள்விகள் வேறு. முதலாவது, தட்டை. இங்கே சோளம் பாதி மனிதருக்கு, பாதி மாட்டுக்கு. உயரமாக வளரும் நாட்டுச் சோளம் கோடை முழுவதும் மாட்டைக் காப்பாற்றும். குட்டை ரகத்தில் தானியம் கூடினாலும் தீவனப் படப்பு சிறுத்துப்போகும். மாட்டை விற்க வேண்டி வரும். இரண்டாவது, குறுகிய வயது. சீக்கிரம் முற்றும் கதிர் மழைக்குள் மாட்டிக்கொண்டால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். மூன்றாவது, குருத்து ஈ. பட்டம் தவறி விதைத்தால் ஒட்டுச் சோளத்தை அது விடாது. நான்காவதுதான் எல்லாவற்றிலும் கனமானது: விதை. நாட்டுச் சோளத்தின் விதை வீட்டுத் தானியக் குலுக்கையில் இருக்கும். முதல் விதைப்பு கருகினால் அள்ளிக்கொண்டுபோய் மறுபடி விதைக்கலாம். ஒட்டு விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கருகிய ஆண்டில் இருமுறை வாங்க வேண்டும். அந்த ஆண்டில்தான் கையில் காசும் இராது. நியூயார்க்கிலோ டெல்லியிலோ விளைச்சலை ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று அளந்தவர்கள் இந்த நாலையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. கேட்கும் இடத்தில் சம்சாரி இல்லை, அவ்வளவுதான்.

அதே அறக்கட்டளை செய்த வேறொரு வேலை இன்றுவரை நிற்கிறது. 1960-களில் அது உலகமெங்குமிருந்து சோள ரகங்களைத் திரட்டி ஹைதராபாத் அருகே ராஜேந்திரநகரில் வைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண். 1972-இல் ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகளின் முயற்சியில் பிறந்த உலக அமைப்பின் கீழ், பட்டான்செருவில் இக்ரிசாட் என்ற வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தபோது அந்தத் திரட்டு அங்கே மாறியது. இன்றைக்கு அங்குள்ள விதை வங்கியில் சோளம் மட்டும் 40,000 மாதிரிகளுக்கு மேல். புதிய பூச்சி வந்தால், வெயில் கூடினால், அதைத் தாங்கும் குணம் இருக்கும் விதையை அங்கேதான் தேட வேண்டும். விதையைக் காப்பது ஒருபோதும் முடியாத வேலை. குளிர் அறையை ஒருநாளும் அணைக்க முடியாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைத்து மீண்டும் புதுப்பிக்க வேண்டும். நீண்ட ஆயுள் கொண்ட பணத்துக்கு ஏற்ற வேலை அது. ராக்ஃபெல்லரின் மரபில் கரிசலுக்குக் கிடைத்த நிலையான சொத்து சி.எஸ்.எச்.-1 அல்ல, இந்த விதைத் திரட்டு என்பது என் முடிவு.

இக்ரிசாட்டிலேயே கரிசல் மண்ணுக்கென ஒரு முறை உருவானது. அகலப் பாத்தியும் சாலுமாக நிலத்தை அமைத்து, மிஞ்சும் மழைநீரை வடித்துக் குட்டையில் சேர்த்து, இரண்டு பயிர் எடுப்பது. பல ஆண்டு உழைப்பு. ஆனால் அது ஆண்டு மழை 750 மில்லிமீட்டருக்கு மேல் உறுதியாகப் பெய்யும், தென்மேற்குப் பருவத்தை நம்பும் கரிசலுக்குத்தான் முதலில் பரிந்துரைக்கப்பட்டது. கோவில்பட்டிக் கரிசல் அந்தக் கோட்டுக்குக் கீழே, வேறு பருவத்தில் நனைவது. கறுப்பு மண்ணில்கூட நல்ல மழை பெய்யும் கறுப்பு மண்ணுக்கே முதல் இடம் கிடைத்தது.

இந்த வட்டாரத்தோடு விடாமல் இருந்தது ஓர் அரசு நிறுவனம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கும் முந்தையது. கருங்கண்ணிப் பருத்தியில் தொடங்கி, கே என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் பருத்தி, சோளம், உளுந்து, மிளகாய் ரகங்கள் அங்கிருந்து வந்தன. கே-12 சோளம் தானியத்துக்கும் தட்டைக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேலே சொன்ன முதல் கேள்விக்கு உள்ளூரிலிருந்து வந்த பதில். 1970-இல் கனடா அரசின் உதவியோடு அகில இந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியபோது கோவில்பட்டியும் அதன் மையங்களில் ஒன்றானது. மழைக்கு முன்னால் எந்த வாரத்தில் விதைப்பது, விதையை ஊறவைத்துக் காயவைத்து எப்படிக் கடினப்படுத்துவது என்று பரிந்துரை தந்தார்கள். சம்சாரி தலைமுறைகளாகச் செய்துவந்த புரட்டாசி விதைப்பை ஆராய்ச்சி வந்து கைகொடுத்து உயர்த்திய இடம் அது. கனடாவின் உதவி பிறகு நின்றது. நிலையம் நிற்கவில்லை.

அடுத்தது கண்மாய். தமிழ்நாட்டின் 39,000 ஏரி, குளம், கண்மாய்களில் பல தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. 1992-இல் பிரதான் என்ற தன்னார்வ அமைப்பு மதுரையிலிருந்து கண்மாய்ச் சீரமைப்பைத் தொடங்கியபோது ஃபோர்டு அறக்கட்டளை துணைக்கு வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரைத் தேடிப்போன அதே பணம். 1997-இல் அந்த வேலை தானம் அறக்கட்டளையாகத் தனித்து வளர்ந்தது. பாசனம் பெறுவோரை வயலகம் என்ற சங்கமாகச் சேர்ப்பது, சீரமைப்புச் செலவில் ஒரு பங்கை அவர்களே போடுவது, மீதியை வெளியிலிருந்து பெறுவது என்பது அதன் முறை. டாடா அறக்கட்டளைகளும் இந்த வேலைக்குக் கைகொடுத்தன. மக்கள் பங்கு போட்டதால் கணக்குக் கேட்கும் உரிமையும் வந்தது. மகமையின் சாயல் இங்கே எனக்குத் தெரிகிறது.

டாடாக்களின் அமைப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஜம்சேட்ஜி 1892-இல் உயர்கல்வி நிதி தொடங்கினார். ரத்தன் டாடா அறக்கட்டளை 1919-இலும் தோரப்ஜி டாடா அறக்கட்டளை 1932-இலும் பிறந்தன. டாடா சன்ஸ் நிறுவனத்தில் சுமார் 66 விழுக்காடு பங்கு இந்த அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. அதாவது அறக்கட்டளையின் வருமானம் ஒரு வங்கி வைப்பின் வட்டியாகத் தேங்காமல், தொழில் நடக்கும்வரை ஓடிக்கொண்டிருக்கும். நீண்டகால வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. அப்படியிருந்தும் கள அமைப்புகளுக்கு அந்தப் பணமும் பெரும்பாலும் சில ஆண்டுத் திட்டமாகவே வந்து சேர்கிறது.

முழுக் கேள்வியின் முடிச்சும் இங்கேதான் விழுகிறது. மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்று கரிசலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு ஆள் எடுக்கவும் ஊர் கூட்டவும் போகும். இரண்டாம் ஆண்டு மழை பொய்த்தால் கண்மாய் வேலையைச் சோதிக்கவே வழியிராது. மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையில் பலன் காட்ட வேண்டுமானால், பலன் சீக்கிரம் தெரியும் வேலையைத்தான் எடுப்பார்கள்: பண்ணைக்குட்டை வெட்டுவது, பயிற்சி நடத்துவது, மரக்கன்று கொடுப்பது. ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன் வரத்துக்காலைச் சுத்தம் செய்வது, மடையைப் பழுதுபார்ப்பது, கருகிய ஆண்டில் மறுவிதைப்புக்கு விதை கொடுப்பது ஆகியவை அறிக்கையில் அழகாகத் தெரியாது. கரிசலைக் காப்பாற்றுவது அவைதான். இந்த மழையில் ஒரு முறையின் நன்மை தீமை தெரிய குறைந்தது பத்து ஆண்டு வேண்டும்.

சட்டமும் பணம் வரும் வழியைச் சுருக்கியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தது. எல்லோரும் டெல்லியில் ஒரே வங்கிக் கிளையில் முதற்கணக்கு வைக்கச் சொன்னது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு கேட்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் விளாத்திகுளத்திலோ புதூரிலோ இருக்கும் சின்ன அமைப்புக்குப் பெரிய அமைப்பு வழியாகத்தான் அந்தப் பணம் வந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்காலை அடைத்துவிட்டு வேறு வாய்க்கால் வெட்டவில்லை. 2013 நிறுவனச் சட்டப்படி பெருநிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது மாற்று வழிபோலத் தோன்றும். தங்கள் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படி அதே சட்டம் சொல்வதால், ஆலை இல்லாத புஞ்சைக்காட்டுக்கு அந்தப் பணமும் எட்டுவது கடினம்.

உள்ளூர்ச் செல்வந்தர்களின் பெயரும் முயற்சியும் இங்கே கல்வியாக நிலைத்திருக்கின்றன. 1966-இல் கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி, 1984-இல் கே. ராமசாமி நிறுவிய தேசிய பொறியியல் கல்லூரி. இவை வந்ததால் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் வெளியே போய் வேலை பார்க்க முடிந்தது. பல குடும்பங்கள் கரையேறின. நிலத்தை விட்டு வெளியேற வழி செய்த கொடை அது. நிலத்தில் நிற்பவர்களுக்கான கொடை இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் இப்போது கம்பெனி விதையில் மக்காச்சோளம் போட்டு, நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு விற்கிறார்கள். 2018-இல் வந்த படைப்புழுவையும், காட்டுப்பன்றியையும், ஏறும் விதை விலையையும் அவர்கள் தனியாகவே எதிர்கொள்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டங்களுக்கென மானாவாரி முதல்நிதி ஒன்று வேண்டும். உலக அறக்கட்டளையோ, டாடா போன்ற இந்திய அறக்கட்டளையோ, இந்தக் கரிசலின் பஞ்சில் வளர்ந்த ஆலைக் குடும்பங்களோ அதற்கு முதலைப் போடட்டும். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வேலை நடக்கட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் சம்சாரிகள் மூட்டைக்கு ஒரு சிறு தொகை சேர்க்கட்டும், எல்லாச் சாதியாரும், நிலமில்லாத கூலியாட்களின் பிரதிநிதிகளும் குழுவில் இருக்கட்டும். பெண்களுக்குப் பாதி இடம். விதையைத் தேர்ந்து காத்துவந்தவர்கள் அவர்களே. வேளாண் ஆராய்ச்சி நிலையம் விதைக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பேற்கட்டும். செலவு நான்கு தலைப்பில் போதும்: வரத்துக்கால், மடை, மறுவிதைப்பு விதை, கோடைத் தீவனம். பலன் அறிக்கையைப் பத்து ஆண்டுக்கு முன் யாரும் கேட்கக் கூடாது என்பதை நிதிப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.